மூன்று மாதத்துக்கு ஒரு வீடு

பட்டணத்தில் ஓர் இரவுக்கு வீடு தர ஆள் இருக்கிறது, ஒரு வருடத்துக்குத் தரவும் ஆள் இருக்கிறது. நடுவில் ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று கேட்டால்தான் எல்லோரும் தலையைச் சொறிகிறார்கள். பாகான் செராய்க்காரர்களுக்கு வேண்டியிருப்பதோ பெரும்பாலும் அந்த நடுவில் உள்ளதுதான். அம்மாவுக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் வைத்தியம். பொலிடெக்னிக் படிக்கும் பிள்ளைக்குத் தொழிற்பயிற்சி. பினாங்கு பாயான் லெப்பாஸில் கிடைத்த புது வேலையில் சோதனைக் காலம். இவற்றுக்கு ஒரு வருட ஒப்பந்தம் போட்டால் நஷ்டம், ஹோம்ஸ்டேயில் இரவுக்கணக்கில் இருந்தால் அதைவிடப் பெரிய நஷ்டம்.

நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இதில் இன்னொரு தடங்கலும் உண்டு. தோட்டத்தில் லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. வாடகையும் இல்லை, முன்பணமும் இல்லை. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் தாமான் வீட்டைக் கடனில் வாங்கினார்கள், இல்லையென்றால் தெரிந்தவர் வீட்டில் வாய்ப்பேச்சில் குடியிருந்தார்கள். வாடகை ஒப்பந்தம் என்ற தாளை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையில் வாங்குவது பட்டணத்தில்தான், அதுவும் ஆஸ்பத்திரித் தேதி நெருக்கிக்கொண்டிருக்கும் வேளையில். அதனால் இந்த அத்தியாயத்தில் தேடுவதற்குக் கொடுத்த இடத்தைவிடப் பணத்துக்கும் தாளுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வீடு வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பாகான் செராய் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் நிற்கிறது. வடக்கே பாரிட் புந்தார், நிபோங் தெபால், புக்கிட் மெர்தாஜாம் வழியாக பட்டர்வொர்த் போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. இறங்கி நடந்தால் பினாங்குக்குப் படகு. தெற்கே முன்பு பாடாங் ரெங்காஸோடு நின்றுவிடும். 2025 தொடக்கத்தில் இருந்து கோலகங்சார், சுங்கை சிப்புட் தாண்டி ஈப்போ வரை ஓடுகிறது. இந்த ஒரு மாற்றம் வீடு தேடும் கணக்கையே மாற்றிவிட்டது. வாரம் இரண்டு தடவை மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் ஈப்போவில் வீடு எடுக்க வேண்டியதில்லை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். ஈப்போ ஸ்டேஷனில் இருந்து பெரிய ஆஸ்பத்திரி கிராப் காடியில் சில நிமிடம்தான்.

தினமும் போகவேண்டும் என்றால் கதை வேறு. கதிர்வீச்சு வைத்தியம் பொதுவாக வாரத்தில் ஐந்து நாள், பல வாரம் தொடரும். நோயாளியைத் தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ரயிலில் உட்கார வைக்கக் கூடாது. இரவு ஷிஃப்ட் வேலைக்காரருக்கும் ரயில் உதவாது, அந்த நேரத்தில் கொமுட்டர் ஓடுவதில்லை. ஆனால் பினாங்குத் தொழிற்சாலைகளில் பல, வேலையாட்களை ஏற்ற சொந்தமாகப் பஸ் விடுகின்றன. நம் பக்கம் வரும் பஸ் உண்டா என்று வேலைக்குக் கையெழுத்துப் போடும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். இருந்தால் இந்த அத்தியாயத்தை இங்கேயே மூடிவிடலாம்.

ஆஸ்பத்திரி விஷயமாகப் போகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வெளியூர் நோயாளியோடு வருகிறவர்கள் தங்குவதற்கு அந்த வட்டாரத்தில் மலிவாகவோ இலவசமாகவோ வழி இருந்தால் அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நம்மவர்கள் அந்தக் கதவைத் தட்டுவதே இல்லை. வராந்தாவில் பாய் விரித்துப் படுத்துவிட்டு, வீடு திரும்பியபின் முதுகுவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார்கள்.

தேடுவது எப்படி

பாகான் செராயில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் மூன்று மாத வீட்டைப் பிடிக்க முடியாது. முடாவிலும் ஐபிலிக்கிலும் ஃபேஸ்புக்கிலும் வரும் விளம்பரங்கள் வாடகை நிலவரத்தைத் தெரிந்துகொள்ள நல்லவை. எந்தப் பகுதியில் அறை என்ன விலை, முழு வீடு என்ன விலை என்று ஒரு மாலை நேரத்தில் பிடிபட்டுவிடும். அதற்கு மேல் அவற்றை நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம்.

நான் சொல்லும் வழி இது. முதல் இரண்டு மூன்று இரவுக்கு ஒரு மலிவான ஹோட்டலோ ஹோம்ஸ்டேயோ எடுங்கள். அங்கே பெட்டியை வைத்துவிட்டுக் காலாற நடந்து தேடுங்கள். மூன்று மாதத்துக்குக் கொடுக்கக்கூடிய வீட்டுக்காரர்கள் விளம்பரம் போடுகிறவர்கள் இல்லை. மகன் சிங்கப்பூருக்குப் போய்விட்டதால் மேல்மாடி அறை சும்மா கிடக்கும் அம்மாவும், வீட்டை விற்கப் போட்டுவிட்டு வாங்குவோர் வரும்வரை பூட்டி வைத்திருக்கும் ஐயாவும்தான் நமக்கு வேண்டிய ஆள். இவர்களை ஒட்டுக்கடைக்காரர், கோயில் குருக்கள், தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் இருப்பவர், முடிவெட்டும் கடைக்காரர் ஆகியோருக்குத் தெரியும். ஈப்போவில் புந்தோங்கில் இருந்து தொடங்குவது நல்லது. தமிழர்கள் நெருங்கி வாழும் பழைய பகுதி, பட்டணத்தின் நடுவுக்கும் பக்கம். கத்தோலிக்கக் குடும்பங்கள் அந்தந்த ஊர்ப் பங்குக் கோயிலில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் விசாரிக்கலாம். பாகான் செராய் சூசைப்பாளையத்துக் கத்தோலிக்கர்களுக்கு இதை நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

கதவிலோ வேலியிலோ 'உந்துக் டிசெவா' (வாடகைக்கு) அட்டை தொங்கினால் உடனே அழைத்துப் பேசுங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"வணக்கம்க்கா. பாகான் செராயில இருந்து வந்திருக்கோம். வீடு வாடகைக்குன்னு போர்டு பாத்தேன்."

"ஆமா தம்பி. எத்தன பேரு?"

"அம்மாவும் நானும்தான். அம்மாவுக்கு இங்க ஆஸ்பத்திரியில வைத்தியம். மூணு மாசத்துக்குத்தான் வேணும்."

"மூணு மாசமா? வருசக் கணக்குலதான் குடுக்கிறது தம்பி. மூணு மாசத்துக்கு வந்துட்டுப் போனா திரும்ப ஆளு தேடணும்ல?"

இந்த இடத்தில் பலர் போனை வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள். அந்த அக்கா சொன்னது மறுப்பு இல்லை, தன் நஷ்டத்தைச் சொல்கிறார். அந்த நஷ்டத்துக்கு நீங்கள் ஏதாவது கொடுத்தால் பேச்சு தொடரும். மாதத்துக்கு ஐம்பதோ நூறோ வெள்ளி கூட்டித் தருவதாகச் சொல்லலாம். காலி செய்வதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுவதாகவும், கடைசி மாதத்தில் அவர் புது ஆளைக் கூட்டி வந்து வீடு காட்ட ஒத்துழைப்பதாகவும் சொல்லலாம். ஆனால் மூன்று மாத வாடகையையும் மொத்தமாக முன்னாலேயே கட்டிவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது வீட்டுக்காரருக்கு இனிக்கும். கூரை ஒழுகினாலும் தண்ணீர் வராவிட்டாலும் பிறகு உங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்காது.

ஏஜண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வருட வாடகைக்கு ஒரு மாத வாடகை கமிஷன் என்பது வழக்கம், அதனால் மூன்று மாதத்துக்கு அவர்கள் ஓடி வரமாட்டார்கள். அப்படியும் ஒருவர் வந்தால் அவருடைய ரென் எண்ணைக் கேளுங்கள். பதிவு பெற்ற ஒவ்வொரு நெகோஷியேட்டருக்கும் அந்த எண் உண்டு, அவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். முன்பணத்தை அவருடைய நிறுவனக் கணக்கில் போடுங்கள், அவர் சொந்தக் கணக்கில் வேண்டாம்.

அந்தக் கேள்வி

மலேசியாவில் வீடு தேடும் தமிழர் யாரும் இனம் பற்றிய கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. சில விளம்பரங்கள் 'சீனர் மட்டும்' என்று வெளிப்படையாகவே போடுகின்றன. மற்றவை போடாமல், பேரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்கின்றன. தனியார் வீட்டுக்காரர் இனம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் நாட்டில் இல்லை. குடியிருப்பு வாடகைச் சட்டம் ஒன்று வரப்போகிறது, அதில் இதற்கும் வழி செய்யப்படும் என்று பல ஆண்டுகளாகப் பேச்சு அடிபடுகிறது. மூன்று மாதத்துக்கு வீடு தேடுகிறவரால் அதற்காகக் காத்திருக்க முடியாது.

ஆகவே நடைமுறை மட்டும். முதல் வாட்ஸ்அப் செய்தியிலேயே முழுப் பெயரைப் போடுங்கள். வீடு பார்க்கக் காடி எடுத்துக்கொண்டு போகுமுன் 'இந்தியக் குடும்பம், பரவாயில்லையா?' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். இது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கும் இந்தக் கேள்வி பிடிக்காது. ஆனால் அரை நாள் அலைச்சலுக்குப் பிறகு வாசலில் நின்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட, கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்வது மேல். வேண்டாம் என்றால் கெஞ்ச வேண்டாம், வாதாடவும் வேண்டாம். மனமில்லாமல் கொடுத்தவர் வீட்டில் சாம்பிராணி போட்டால் ஒரு புகார், மீன் குழம்பு வைத்தால் ஒரு புகார் என்று மூன்று மாதமும் அப்படியே போகும்.

நம்மவர் வீடுகளுக்கும் இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். என்ன ஆட்கள் என்று சாதியைத் துருவுகிற தமிழ் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். தனியாக வரும் பெண்ணுக்கு அறை இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். வெளியே படும் அவமானத்தைப் பற்றி மேடையில் பேசிவிட்டு வீட்டுக்குள் அதையே செய்யலாகாது.

அடுக்குமாடி வீட்டின் வாசற்காவல்

நீச்சல் குளமும் காவலும் உள்ள அடுக்குமாடி வீட்டைக் குறுகிய காலத்துக்கு எடுக்கிறவர்கள், வீட்டுக்காரரின் சம்மதத்தோடு நிர்வாகத்தின் சம்மதத்தையும் பார்க்கவேண்டும். கோலாலம்பூர் மொன்ட் கியாராவில் உள்ள வெர்வ் சூட்ஸ் வழக்கில் 2020-இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது: அடுக்குமாடியின் நிர்வாகக் கழகம் தன் விதிகளின் மூலம் இரவுக்கணக்கு வாடகையைத் தடை செய்யலாம். அதற்குப் பிறகு பல இடங்களில் தடை வந்தது. பினாங்குத் தீவில் மாநகர் மன்றமும் தனியாகக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

தடை உள்ள கட்டடத்தில் செயலி வழியாக அறை எடுத்தால், இரவு பதினொரு மணிக்குப் பெட்டியோடு காவலாளி முன் நிற்பது நீங்கள்தான், வீட்டுக்காரர் வரமாட்டார். 'நான் அவர் தங்கச்சி என்று சொல்லுங்கள்' என்று வீட்டுக்காரர் உங்களுக்குப் பொய் சொல்லிக் கொடுத்தால் அந்த வீடு வேண்டாம் என்று அர்த்தம். கையெழுத்துப் போட்ட மாத வாடகை ஒப்பந்தம் இருந்தால் நீங்கள் விருந்தாளி இல்லை, குடியிருப்பவர். நிர்வாகத்தில் பேரைப் பதிந்து வாசல் அட்டையை உங்கள் பேரில் வாங்கிக்கொள்ளலாம். குறைந்தது ஒரு மாதம் என்று எடுப்பதில் இதுவும் ஒரு லாபம்.

வயதானவர்களோடு போகிறவர்கள் பளபளப்பைப் பார்க்காமல் மாடிப்படியைப் பாருங்கள். பழைய மலிவு விலை அடுக்குமாடிகள் பலவற்றில் ஐந்து மாடி இருக்கும், லிஃப்ட் இருக்காது. முட்டி அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவருக்குத் தரை வீட்டில் ஓர் அறை, நான்காம் மாடியில் முழு வீட்டைவிட நல்லது.

பணம்

வழக்கமான கணக்கு இது: பாதுகாப்பு முன்பணம் இரண்டு மாதம், கரண்டு தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. மாதம் 900 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் சாவி வாங்கும் நாளில் 3,150 வெள்ளி கையில் இருக்கவேண்டும். அதில் 2,250 திரும்பி வரவேண்டிய காசு. மூன்று மாத வாடகைக்கு இரண்டு மாத முன்பணம் அதிகம், ஒரு மாதத்துக்குப் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் இறங்கி வருவார்கள். ஹோம்ஸ்டே இரவுக்கு 150 வெள்ளி என்றால் முப்பது நாளில் 4,500 போய்விடும், திரும்ப வராது. தைப்பூசம், சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், பள்ளி விடுமுறை வந்தால் இரவு விலை இன்னும் ஏறும். மாத வாடகை ஏறாது.

வருடக் கணக்கில்தான் தருவேன் என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக நின்றால், ஒரு வருட ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: மூன்று மாதத்துக்குப் பின், ஒரு மாத அறிவிப்புக் கொடுத்து, முன்பணம் இழக்காமல் விலகலாம். அந்த வரி இல்லாமல் நடுவில் கிளம்பினால் முன்பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். கடைசி மாதம் வாடகை கட்டாமல் 'முன்பணத்துல கழிச்சுக்குங்க' என்று சொல்லிவிட்டுப் போவது நம்மிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. அடுத்து வரும் தமிழ்க் குடும்பத்துக்கு அந்த வீட்டுக் கதவு திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

மோசடிக்காரர்கள் விரிக்கும் வலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். படங்கள் அழகாக இருக்கும், வாடகை நிலவரத்தைவிடக் குறைவாக இருக்கும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பார். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள், இன்றே 300 வெள்ளி போட்டுப் பிடித்து வையுங்கள் என்பார். வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு வெள்ளிகூட அனுப்பக் கூடாது. உள்ளே போய்ப் பார்த்த பின்னும், வீட்டு வரிக் கடிதத்தில், நம்மவர் வாயில் சுக்காய் பிந்து, உள்ள பேரும் அடையாள அட்டையில் உள்ள பேரும் ஒன்றா என்று பாருங்கள். டியூட்நவில் பணம் அனுப்பும்போது கணக்குக்காரர் பேர் திரையில் வரும். அதுவும் இதே பேராக இருக்கவேண்டும். போலீசின் செமாக் மியூல் தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் தட்டினால் அவற்றின்மேல் புகார் இருக்கிறதா என்று காட்டும். ஏமாந்து அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே மோசடிப் புகாருக்கான 997-ஐ அழையுங்கள். நேரம் போகப் போகக் காசு வேறு கணக்குக்கு மாறிவிடும்.

தாள்

மூன்று மாதம்தானே, எதற்கு ஒப்பந்தம் என்று வீட்டுக்காரரே சிரிப்பார். இரண்டு பக்கத் தாள் போதும். இரு தரப்புப் பேர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, தொடங்கும் நாள், முடியும் நாள், வாடகை, முன்பணம், அது திரும்ப வரும் நாள், ரிப்பேர் யார் செலவு, கரண்டு பில் யார் கட்டுவது. மாணவர் அறைகளில் ஏர்கோனுக்குத் தனி மீட்டர் வைத்துக் காசு வாங்குவார்கள். ஒரு யூனிட் என்ன விலை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டவேண்டும், கையெழுத்திட்ட 30 நாளுக்குள். ஒரு வருடமோ அதற்குக் குறைவோ என்றால் ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. மேலே சொன்ன 900 வெள்ளி வீட்டுக்கு வரி ஐம்பது வெள்ளிக்குள் அடங்கிவிடும், கூடுதல் நகலுக்கு 10 வெள்ளி. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்திலேயே கட்டலாம். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. வீட்டுக்காரர் வேண்டாம் என்றாலும் நீங்களே கட்டிவிடுங்கள்.

குடியேறும் நாளில், பெட்டியைப் பிரிக்கும் முன், ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுங்கள். சுவர்க் கறை, உடைந்த கைப்பிடி, மெத்தை, குழாய், கரண்டு மீட்டர் எண் எல்லாம் தெரியவேண்டும். அதை அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் தேதியோடு பதிவாகிவிடும். சண்டை வந்து பூட்டை மாற்றுகிறேன், கரண்டை நிறுத்துகிறேன் என்று வீட்டுக்காரர் மிரட்டினால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: வாடகைக் காலம் முடிந்த பின்னும் வெளியேறாதவரைக்கூட நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது என்கிறது 1950-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு. இதைச் சாக்காக வைத்து வாடகை கட்டாமல் உட்கார்ந்துவிடாதீர்கள்.

காலி செய்யும் நாளில் மறுபடியும் ஒரு வீடியோ, மீட்டர் படம், சாவி கொடுத்ததற்கு ஒரு வரிக் குறிப்பு. கடைசி கரண்டு பில் வரும்வரை முன்பணத்தைப் பிடித்து வைப்பது நியாயம்தான், ஆனால் அதற்கு மேல் இழுத்தடித்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே படிவத்தை நிரப்பிப் பதியலாம். முத்திரையிட்ட ஒப்பந்தம், பணம் கட்டிய வங்கி ரசீது, முதல் நாள் வீடியோ மூன்றையும் மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.